தட்டத் தட்ட வரும்

“உங்க வீட்டுக்காரர் பேரைச் சொல்லுங்க ஆன்ட்டி. முழுசா அடிக்கவே வேணாம், தட்டத் தட்ட வந்துடும்” என்றாள் சங்க அலுவலகத்தில் வேலை பார்க்கும் பிரேமளா. மலேசியாவின் ஜொகூர் பாரு நகரில் உள்ள அந்தத் தமிழர் சங்கத்தின் உறுப்பினர் படிவங்கள் எல்லாம் இப்போது கணினியில் இருந்தன.

“ஏரம்பமூர்த்தி. சீக்கிரம் பாரும்மா.” கிருஷ்ணகுமாரி உட்காராமல் மேசையைப் பிடித்தபடி நின்றாள்.

முதல் எழுத்துக்கு எழுபது வரிகள் வந்தன. நான்காவது எழுத்தில் நான்கே மிஞ்சின. ஒன்று அவருடைய படிவம். மற்றவை, அப்பா என்று அவர் பெயரைப் போட்டிருந்த பிள்ளைகளுடையவை.

சிவகணேசன். மலர். அடுத்து பரமேஸ்வரன், ஊர் மெர்சிங். அவனுக்கு மட்டும் அம்மா பெயர் செல்வராணி.

பிரேமளா திரையை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். கணவர் போய் மூன்று மாதம்கூட ஆகாதவளிடம் இதை எப்படிக் காட்டுவது?

“எத்தனை பிள்ளைங்க காட்டுது?”

“ரெண்டுதான் ஆன்ட்டி. உங்க சிவாவும் மலரும்.”

“நல்லா பாரும்மா.”

“பார்த்துட்டேன். ரெண்டுதான் லா.”

கிருஷ்ணகுமாரி அப்போதுதான் நாற்காலியில் சரிந்தாள்.

“மெர்சிங்ல ஒரு பையன் இருக்கணுமே. முப்பது வருசமா எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்கிறதுதான் அவருக்குக் கடைசி வரைக்கும் தெரியாது.”

பிரேமளாவின் விரல்கள் விசைப்பலகையிலேயே நின்றன.

“அவன் பேரும் நம்பரும் வேணும்மா. சிவாவுக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. என்னோடதும் மலரோடதும் பொருந்தல.”