இரண்டாம் பாகத்தைத் தாண்டி

பேக்பைப்பின் காற்றுப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தேவாலய வாசலில் நின்றேன். மழை விடுவதாக இல்லை.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல," என்றார் அப்பா. "ஊதாம சும்மா நடந்து போனாலும் கல்யாணம் கல்யாணந்தான்."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இன்வெர்னஸ் நகரத்திலிருந்து கைதேர்ந்த பைப்காரர் ஒருவரை வரவழைத்துவிடலாம் என்று அம்மா மூன்று மாதமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். லாக்கின்வர் மீன்பிடித் துறைமுகத்தில் மீன் எடை போடுவது என் பிழைப்பு. பேக்பைப் என் பைத்தியம்.

போன வருடம் ஊர் விளையாட்டு விழாவின் பேக்பைப் போட்டியில் நடந்த கூத்து ஊருக்கே தெரியும். கல்யாணங்களில் ஊதும் இந்தப் பழைய நடை மெட்டின் இரண்டாம் பாகமும், ஒரு துள்ளாட்ட மெட்டின் இரண்டாம் பாகமும் ஒரே மாதிரி முடியும். விரல்கள் அங்கே தடம் மாறின. நடுவர் பேனாவை மூடி வைத்தார். நான் பாதியிலேயே நிறுத்திவிட்டு இறங்கி ஓடினேன்.

இன்றைக்கு நிறுத்தக் கூடாது. முன்வரிசை போய்ச் சேரும்வரை ஊத வேண்டும். எனக்கு அது போதும்.

அங்கே மாப்பிள்ளை லாக்லன் நிற்கிறான். ஆறு வருடமாகப் படகுக் கொட்டகையில் உட்கார்ந்து என் பயிற்சியைக் கேட்டவன். ஒருநாளும் காதைப் பொத்தியதில்லை.

பையில் ஒரு தட்டு தட்டினேன். தோளில் கிடந்த மூன்று குழல்களும் ஒன்றாக முழங்கின. எத்தனை வருடமானாலும் அந்த முதல் முழக்கத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்தால் காற்று போய்விடும். அடக்கிக்கொண்டு நடந்தேன்.

முதல் பாகம் பிசிறில்லாமல் போனது.

இரண்டாம் பாகத்தின் முடிவில் பாழாய்ப்போன விரல்கள் மறுபடியும் தடம் மாறின.

துள்ளாட்டம்! தேவாலயத்துக்குள் துள்ளாட்டம்! அம்மா முகத்தை மூடிக்கொண்டாள்.

நான் நிறுத்தவில்லை. போகிற வேகத்தில் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

"விடாத, ஊது!" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு கிழட்டு மீனவர் கத்தினார். அவர் பூட்ஸ் தாளம் போட்டது. பிறகு அந்த வரிசையே போட்டது. பிறகு பலகைத் தரை முழுவதும் அதிர்ந்தது. பாதிரியாரின் அங்கிக்குக் கீழேகூட ஒரு கால் அடங்கவில்லை. இவ்வளவு சந்தோஷமாக நான் என் வாழ்நாளில் ஊதியதில்லை.

காலெல்லாம் தாளம் போட்டாலும் கண்ணெல்லாம் வாசல் பக்கம்தான். எந்தக் கல்யாணத்தில் பைப் ஊதுகிறவரைப் பார்க்கிறார்கள்? அதுவும் முகம் தெரியாமல் முக்காட்டை இழுத்துவிட்டு, கணுக்கால் வரை மழை அங்கி போட்டிருப்பவரை? பின்னால் வரும் மணப்பெண்ணைத்தான் எல்லோரும் எட்டி எட்டித் தேடினார்கள்.

லாக்லன் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

முன்வரிசைக்கு வந்து ஊதி முடித்தேன். முழுசாக.

பின்னால் யாரும் வரவில்லை.

கூடவே நடந்து வந்த அப்பா பைப்பை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, என் கையை லாக்லனிடம் பிடித்துக் கொடுத்தார்.