வானூரிலிருந்து ஒரு போன்

பாஸ்கல் தன் மனைவி பிலோமியை ஒருநாளும் அடித்ததில்லை. அவள் எந்தப் புடவை கட்டலாம், யாரோடு பேசலாம் என்பதையெல்லாம் அவன்தான் சொல்வான். அவள் உப்பளத்தில் உப்பு வாரும்போதுகூட போன் செய்து, பக்கத்தில் யார் என்று கேட்பான். பதில் தாமதமானால், அவள் மன்னிப்புக் கேட்கும்வரை விடமாட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் பூசைக்குப் போனதும் பிலோமி பஸ் ஏறி, வானூரில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"இனிமே அங்க போவாத. இங்கயே இரு," என்றாள் அக்கா.

மத்தியானம் தாண்டியும் பாஸ்கல் போன் செய்யவில்லை. பிலோமிக்கு அதுதான் பயமாக இருந்தது. ஊரில் தன் பக்கத்து வீட்டில் இருக்கும் கீதாஞ்சலிக்குப் போன் செய்தாள்.

"அவரு என்னைத் தேடுறாரா?"

கீதாஞ்சலி சிரித்தாள். "இன்னா வெளாட்டு இது? இப்பதான உங்கிட்ட கருவேப்பில வாங்கினு வந்தேன். உன் வூட்டுக்காரரு மறுபடியும் ஆரம்பிச்சிட்டாரு போல, இங்க வரைக்கும் கேக்குது."

போனில் பாஸ்கலின் குரல் தூரத்தில் கேட்டது. அது ஓய்ந்ததும் அதே வீட்டிலிருந்து பிலோமியின் குரலே பதில் சொன்னது.

"தப்பு என்னோடதுதாங்க. மன்னிச்சிடுங்க."

கீதாஞ்சலி சட்டென்று போனை வைத்துவிட்டாள்.

பிலோமி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அக்கா வாசலை மறித்தாள்.

"எங்கடி போற?"

"அங்க ஒருத்தி தனியா மாட்டிக்கினு இருக்காக்கா."

பொழுது சாயும்போது வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். சமையலறையில் யாரும் இல்லை. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பாஸ்கல் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தண்ணி கொண்டார இவ்ளோ நேரமா?" என்றான்.