பாதி நோட்டு

கட்டைவிரலை எடுத்தால் குட்டு உடைந்துவிடும். நோட்டு மாமா இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

கடிகாரக் கடையின் மேஜை மேல் ஒரு பழைய நோட்டின் இரண்டு பாதிகள். இந்தப் பக்கம் பெரியவர், அந்தப் பக்கம் கடைக்குச் சொந்தக்காரரான சின்னவர். கூடப்பிறந்த இருவரும் ஒரே கூரைக்குக் கீழே நின்று வருஷக்கணக்காகிறது.

"வெட்டின இடம் எப்படிப் பொருந்துது பாருங்க!" என்றார் மாமா, தேவைக்கு மேல் சத்தமாக.

பழைய காகிதப் பணத்தைப் பற்றி யார் புத்தகம் எழுதினாலும் மாமாவை ஒரு வார்த்தை கேட்காமல் எழுத மாட்டார்கள். நோட்டை இடுக்கியால் மட்டுமே தொடுகிற மனுஷர், இன்று வெறும் விரலால் அதன் மூலையை மூடிக்கொண்டிருந்தார்.

அந்தக் காலத்தில் வழிப்பறிக்குப் பயந்து பெரிய நோட்டை இரண்டாக வெட்டுவார்கள். ஒரு பாதி போய்ச் சேர்ந்ததும் மறு பாதியைத் தபாலில் அனுப்புவார்கள். இரண்டிலும் ஒரே நம்பர் இருந்தால்தான் செல்லும்.

இந்தச் சகோதரர்களின் அப்பாவும் பெரிய சேகரிப்பாளர், மாமாவின் கூட்டாளி. ஒரு பாதியை வைத்துக்கொண்டு மறு பாதியைப் பாதி ஆயுசு தேடினார். கடைசியில் "கிடைச்சிடுச்சு!" என்று வீடு அதிரக் கத்தினார். நம்பர் வேறு என்பதை அப்புறம்தான் கவனித்தார். வெட்கப்பட்டுக்கொண்டு மாமாவிடம் மட்டும் சொன்னார்.

அப்பா இறந்ததும் பெரியவர், தம்பியைக் கேட்காமல், சேகரிப்பு மொத்தத்தையும் மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார். வீட்டில் மிஞ்சியது இந்த நோட்டு மட்டும்தான். சண்டையில் ஆளுக்கொரு பாதியை எடுத்துக்கொண்டு பிரிந்தவர்கள், அதன் பிறகு முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது அம்மா ஆஸ்பத்திரியில். இருதய ஆபரேஷன். "ரெண்டு பேரும் சேர்ந்து வந்து நில்லுங்கடா, அப்புறம் உள்ள போறேன்" என்று ஒரே பிடிவாதம். பெரியவர் காலையில் வந்து போவார், சின்னவர் சாயங்காலம். "அவன் முதல்ல கூப்பிடட்டும்" என்று பெரியவரும், "அவர் முதல்ல கூப்பிடட்டும்" என்று சின்னவரும் முறுக்கிக்கொண்டு நின்றார்கள். இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று டாக்டர் இன்று சொல்லிவிட்டார்.

அதனால்தான் புத்தக அட்டைக்குப் படம் எடுக்க வேண்டும், இரண்டு பாதியும் சேர்ந்து இருக்க வேண்டும் என்று கதை கட்டி, மாமா பெரியவரைத் தம்பி கடைக்கு இழுத்து வந்திருந்தார். விரலுக்கு அடியில் இருக்கும் நம்பர் வேறு என்று தெரிந்தால் போச்சு. அப்பா ஏமாந்ததும் வெளியே வரும், பழைய சண்டையும் புதுசாய்க் கிளம்பும்.

பெரியவர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கண் அங்கேயே போய் நிற்கும். சின்னவரோ பூதக்கண்ணாடி இல்லாமல் எதையும் பார்க்காதவர். அவர் இழுப்பறையைத் திறந்து அதை வெளியே எடுத்தபோது மாமா இன்னொரு விரலையும் மூலையில் வைத்தார்.

சின்னவர் கண்ணாடியைத் துடைத்தார். அண்ணனை ஒரு முறை பார்த்தார். என்ன நினைத்தாரோ, அதைத் திரும்ப இழுப்பறையிலேயே போட்டார்.

"இது கிடைச்ச அன்னிக்கு அப்பா எப்படிக் கத்தினார், ஞாபகம் இருக்காண்ணே?"

"செருப்பைக்கூடக் கழட்டாம சமையல்கட்டு வரைக்கும் ஓடி வந்தாரே!" பெரியவர் தம்பி பக்கம் திரும்பினார். "உன்னைக் கேட்காம எல்லாத்தையும் கொடுத்தது தப்புதான்டா. மியூசியத்துல அவர் பேரைப் போடுவாங்கன்னு ஒரு ஆசை."

"அதை அன்னிக்கே சொல்லியிருந்தா, நானே தலையில தூக்கிட்டு வந்திருப்பேனே."

இந்த நேரத்தை விட்டால் வராது. மாமா குறுக்கே புகுந்தார். "இதை அம்மா பார்க்க வேணாமா? கிளம்புங்க, கிளம்புங்க!"

நெரிசலில் டாக்ஸி ஊர்ந்தது. மாமா முன் இருக்கையில் உட்கார்ந்து, சிவப்பு விளக்கைத் திட்டினார், டிரைவரைத் திட்டினார். பின்னால் அண்ணனும் தம்பியும், அம்மாவுக்கு இரவில் யார் துணைக்கு இருப்பது என்று போட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

வாசலில் இருவரையும் ஒன்றாகப் பார்த்ததும் அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். ஆளுக்கு ஒரு கையை நீட்டினாள். பிறகு நர்ஸிடம், "கூட்டிட்டுப் போம்மா, எங்க வரணும்?" என்றாள்.

பிள்ளைகள் டாக்டரைத் தேடிப் போனார்கள். மாமாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கட்டில் பக்கம் குனிந்தார்.

"அண்ணி, மனசு கேக்கல, சொல்லிடறேன். அந்த ரெண்டு பாதியும் ஒரே நோட்டு இல்ல. நம்பர் வேற. நான்தான் அவங்க கண்ணுல படாம மறைச்சேன். நல்லவேளை, பசங்க கவனிக்கல."

அம்மா சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணோரம் வழிந்தது.

"பிரிஞ்ச அன்னிக்கே பெரியவன் எங்கிட்ட வந்தான். 'நம்பர் வேறம்மா. அப்பா ஏமாந்துட்டார்னு தெரிஞ்சா தம்பி தாங்க மாட்டான், சொல்லிடாதே'ன்னு சத்தியம் வாங்கிட்டுப் போனான்."

மாமா கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப சின்னவன்?"

"அவனும் அண்ணனுக்காக அதே சத்தியத்தை வாங்கிட்டான்."