காதில் சீறும் குரல்

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத் தொலைக்காட்சி ஸ்டூடியோவின் விளக்குச் சூட்டில் தொகுப்பாளர் ரெக் ஹாலமின் முகப்பவுடர் வழிகிறது. நேரலை வினாடி வினாவின் கடைசிக் கேள்வி; விடை ஓர் ஊரின் பெயர். எதிரே நிற்கும் பேருந்து ஓட்டுநர் ஸ்டான்லிக்கு விடை தெரியும். நாக்குதான் முதல் எழுத்திலேயே திக்கித் தவிக்கிறது. கூட்டத்தில் களுக்கென்று சிரிப்பு. ரெக் அடுத்து என்ன கிண்டல் செய்வார் என்று எல்லா முகங்களும் அவர் பக்கம் திரும்புகின்றன. ஊரையே சிரிக்கவைத்துப் பெயர் வாங்கியவர் அவர். காதுக்கருவியில் தயாரிப்பாளர் மோரீன் சீறுகிறாள்: "ஏன்யா மரம் மாதிரி நிக்கிற? அவனை வச்சு ஒரு ஜோக் அடி! இல்லேன்னா இந்த ஷோவுக்கு வேற ஆளப் பாத்துக்குவேன்!" ரெக் கருவியைப் பிடுங்கிக் கோட்டுப் பையில் போடுகிறார். "மெதுவாச் சொல்லுங்கண்ணே. நான் எங்கயும் போகல." சிரிப்பு அடங்குகிறது. கடிகார முள் மட்டும் ஓடுகிறது. ஸ்டான்லியின் கழுத்து நரம்பு புடைக்கிறது. "டா... டா... டான்காஸ்டர்!" கூட்டம் எழுந்து கைதட்டுகிறது. சரியான விடை என்று அறிவிக்க வேண்டிய ரெக், அதை மறந்து தானும் கைதட்டிக்கொண்டிருக்கிறார்.