அந்தக் கையிலிருந்து

மாத்திரையை உடைக்கக் கூடாது, வெறும் வயிற்றில் முழுசாக உள்ளே போக வேண்டும் என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார். நாய் சீனிக்கு ஈரல் பாதி கெட்டுவிட்டது. ஜெசிந்தா அதன் வாயைப் பிளந்து, மாத்திரையை அடித்தொண்டையில் வைத்து, தாடையை மூடிப் பிடித்தபடி கழுத்தைத் தடவிவிட்டாள். கையை எடுத்ததும் சீனி அதைத் தரையில் துப்பிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. சிநேகிதர்களோடு குடிக்கும்போதெல்லாம் அதன் கிண்ணத்தில் பீரை ஊற்றி, அது தள்ளாடுவதைப் பார்த்துச் சிரித்தவன் அவள் புருஷன் சேவியர். என்ன கொடுத்தீர்கள் என்று மருத்துவர் கேட்டபோது, "சோறுதான் சார்" என்றான். அவளுக்கு வயிறு எரிந்தது. இப்போதும் எரிந்தது.

"இங்க குடு" என்று அவன் மாத்திரையை வாங்கி உள்ளங்கையில் வைத்து நீட்டினான். சீனி வாலை ஆட்டிக்கொண்டே வந்து விழுங்கியது. விழுங்கிய பிறகும் அந்தக் கையை நக்கிக்கொண்டிருந்தது.

"பாத்தியா, அதுக்கு எம்மேல கோவமே இல்ல."

ஜெசிந்தா நாயைப் பார்த்துக் கத்தினாள். "சூடு சொரணை இருக்கா உனக்கு? அவ்வளவும் செஞ்சவன் கையப் போயி நக்குற. ரோஷம்னு ஒண்ணு வேண்டாமா?"

சீனி காதைத் தாழ்த்திக்கொண்டது. சேவியர் கையைக் கைலியில் துடைத்துவிட்டுச் செய்தித்தாளை விரித்தான்.

"காப்பி" என்றான். தலையைக்கூடத் தூக்கவில்லை.

திட்டிய வாய் மூடுவதற்குள் அவள் அடுப்படியில் இருந்தாள். அடுப்பு எரிந்தது, பால் ஏறியிருந்தது. சீனி மெல்ல வந்து வாசலில் உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல் அவளையே பார்த்தது.

"என்னடி பாக்குற?" என்றாள்.