மேஜைக்கு அடியில்

"நான் ஹாலுக்குள்ள வந்தாலே உங்க கம்ப்யூட்டர் மட்டும் ஆஃப் ஆயிடுது. அப்படி என்னத்தை மறைக்கிறீங்க?" என்று கேட்டார் மேனேஜர்.

கணக்கர் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். "சத்தியமா நான் எதையும் தொடல சார்."

"வேற வேலை தேடுறீங்களா?"

"இந்த வயசுல எனக்கு எவன் சார் வேலை குடுப்பான்?"

"சரி, அதை ஆன் பண்ணிட்டு உட்காருங்க. நான் வெளியே போயிட்டு வரேன்."

போனார், வந்தார். கணக்கர் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றார். 'டக்'கென்று ஒரு சத்தம். திரை இருண்டது.

மேனேஜர் குனிந்து பார்த்தார். இடத்தை மிச்சம் பிடிக்க, எல்லா மேஜைகளுக்கு அடியிலும் சிபியூவைத் தொங்கவிடச் சொன்னதே அவர்தான். எழுந்தால் முழங்கால் இடிக்கிற இடத்தில் இருந்தது பவர் பட்டன்.

"அடப் பாவமே, இதுதானா? உங்களைப் போய் சந்தேகப்பட்டுட்டேனே."

கணக்கருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஆனா எல்லா மேஜையிலயும் இப்படித்தானே மாட்டியிருக்கு? மத்தவங்களோடது ஏன் ஆஃப் ஆகல?"

கணக்கர் தயங்கினார். "அவங்க யாரும் எழுந்திருக்கிறதில்லை சார்."

மேனேஜர் மெல்லத் திரும்பினார். நாற்காலிகள் அவசரமாகப் பின்னால் நகர்ந்தன. ஹாலில் இருந்த அத்தனை திரைகளும் வரிசையாக இருண்டன.