கண்ணாடி எந்த உயரத்தில்?

“உள்தாழ்ப்பாளா? ஒண்டியா இருக்கிற ஆளுக்கு பாத்ரூம்ல உள்தாழ்ப்பாள் எதுக்குப்பா?”

இசைவாணி கேட்டதும், சுவரை அளந்துகொண்டிருந்த கொத்தனார் மாரிராஜின் டேப் பாதியில் நின்றது. அப்பாவு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“கதவுன்னா தாழ்ப்பாள் இருக்கணும்மா. அதான் கதவுக்கு மரியாதை.”

“அம்மா போனதுலேருந்து அது மரியாதை இல்லாமத்தானே கெடக்குது. இத்தினி வருஷமா உனக்குத் தோணலையே.”

எதிர்த்துப் பேசும் நிலையில் அப்பாவு இல்லை. போன மழையில் இதே பாத்ரூமில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல், பால்காரர் வந்து குரல் கொடுக்கும்வரை கிடந்தவர். அன்றைக்கே மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஒன்று, பாத்ரூமை இடித்து ஒழுங்காகக் கட்ட வேண்டும். இல்லையென்றால் இந்தப் பென்னலூர் வீட்டைப் பூட்டிவிட்டுக் குன்றத்தூரில் அவளோடு வந்து இருக்க வேண்டும்.

இன்றைக்கு நைட் ஷிப்ட் முடிந்த கையோடு வந்திருந்தாள். கார் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். கைப்பையில் போனஸ் பணம் ஒரு லட்சம். வேலை அதற்குள் அடங்கினால் அப்பாவு இங்கே, அடங்காவிட்டால் அங்கே.

“மொதல்ல சாப்பிடுப்பா, ஆறிடும். நீ செக்யூரிட்டியா நிக்கிற கம்பெனி கேட்டுக்கு எதிர்ல கங்காக்கா மெஸ்ல இட்லி வாங்கினு வந்தேன். பாவம், ஒண்டியா அல்லாடிக்கினு இருந்தாங்க. உனக்குன்னு சொன்னதும் வடகறி தனியா கட்டிக் குடுத்தாங்க.”

“டெய்லி கஸ்டமர் இல்லியா, அதான்” என்றார் அப்பாவு, பொட்டலத்தைப் பார்க்காமல்.

இசைவாணி கொத்தனார் பக்கம் திரும்பினாள். “நீங்க சொல்லுங்கண்ணா, எவ்ளோ ஆகும்?”

மாரிராஜ் சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். விரல்விட்டு எண்ணினார். “வழுக்காத டைல்ஸ், வெஸ்டர்ன் கோப்பை, பிடிச்சு எந்திரிக்க ரெண்டு கம்பி, புது பைப்பு, கூலி. ஒரு லட்சத்துக்குள்ள முடிச்சிருதேன் தங்கச்சி. ஆனா அண்ணாச்சி சொல்லுததை எல்லாம் சேத்தா தாண்டிரும்.”

“அண்ணாச்சி இன்னா சொல்றாரு?”

“ஹீட்டர் கேக்காரு.”

இசைவாணி இடுப்பில் கை வைத்தாள். “மார்கழியில பச்சைத் தண்ணிய ஊத்திக்கினு, சுடுதண்ணி சீக்காளிக்குன்னு தெருவுக்கே சொன்ன ஆளு நீ.”

“வயசாவுதில்ல.”

“கம்பி வெக்கலாம்னு நான் சொன்னப்ப, எனக்கு இன்னா வயசாயிடிச்சின்னு சண்டைக்கு வந்தியே?”

மாரிராஜ் சிரிப்பை மறைக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். “பொறவு, டைல்ஸ் இளம் ரோஸ் கலர்ல வேணுங்காரு.”

“ரோஸா?” செக்யூரிட்டி யூனிபாரத்தில் நின்ற அப்பாவை மேலும் கீழும் பார்த்தாள். “உன் மீசைக்குப் பொருத்தமாத்தான் இருக்கும்.”

“கடையில அதுக்குத்தான் தள்ளுபடி கீதுன்னாங்க.”

“இன்னும் ஒண்ணு இருக்கு” என்றார் மாரிராஜ். “அண்ணாச்சி ஆறடி ஆளு. கண்ணாடியைத் தன் நெஞ்சுக்கு நேரா மாட்டணும்ங்காரு. அங்கன மாட்டினா மூஞ்சி தெரியாதேன்னு சொல்லிட்டேன், கேக்க மாட்டேங்காரு.”

“நெஞ்சைப் பாத்துக்கினு சவரம் பண்ணப் போறியா?”

“ஸ்டூல் போட்டு உக்காந்துகினு பண்ணலாம்னு பாத்தேன்.”

“பாத்ரூமுக்குள்ள ஸ்டூலு. மறுபடி விழறதுக்கு.”

அப்பாவு இட்லிப் பொட்டலத்தின் நூலை நிமிண்டினார். இசைவாணி அவர் முகத்தையே பார்த்தாள். கேலி போய்க் குரல் தணிந்தது.

“எங்கிட்ட வேற எதுனா சொல்லணுமாப்பா?”

அவர் வாயைத் திறந்தார். மாரிராஜைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

“ஒண்ணுமில்லம்மா. ஹீட்டர் வாணாம். ரோஸும் வாணாம், எந்தக் கலரா இருந்தா இன்னா. தாழ்ப்பாளையும் விட்டுடு. கண்ணாடிய அவர் இஷ்டத்துக்கு மாட்டட்டும். நான் இந்த வூட்டுலயே இருந்தா போதும்.”

இசைவாணி பெருமூச்சு விட்டாள். “கன்டெய்னர் லாரியையே ஒத்தக் கையக் காட்டி நிறுத்துவ. எங்கிட்ட பேசறதுக்கு மட்டும் வாய் வராது.”

பிறகு மாரிராஜ் பக்கம் திரும்பினாள். “அண்ணா, ஹீட்டர் போட்டுடுங்க. ரோஸ் டைல்ஸே ஒட்டுங்க. உள்தாழ்ப்பாள் நல்ல கனமானதா பாத்துப் போடுங்க.”

“லட்சம் தாண்டுமே தங்கச்சி.”

“தாண்டட்டும். ரெண்டு ஞாயித்துக்கெழம ஓ.டி. பாத்தா வந்துடும்.”

அப்பாவு நிமிர்ந்து பார்த்தார். “அப்ப நான் குன்றத்தூருக்கு...”

“யார் கூப்பிட்டா உன்னை?”

மாரிராஜின் காதில் செருகியிருந்த பென்சிலை வாங்கிக்கொண்டு பாத்ரூமுக்குள் போனாள் இசைவாணி. சுவரை ஒட்டி நேராக நின்றாள். தன் காதுக்கு நேராக ஒரு கோடு போட்டாள்.

“கண்ணாடிக்கு நடு இங்க வரணும்ணா” என்றாள். “இட்லி வாங்கறப்பவே பக்கத்துல நின்னு பாத்துட்டேன், சித்தி என் காது வரைக்கும்தான் வராங்க.”